ஒரு வாய் தண்ணீர்

ஆச்சி கடைசியாக என்னிடம் கேட்டது தண்ணீர்.

பக்கவாதம் வந்ததில் விழுங்கும் சக்தி போயிருந்தது. வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. உடம்புக்கு வேண்டிய நீர் அதில் போனது, தாகம் மட்டும் அடங்கவில்லை. மற்ற பேச்செல்லாம் குழறிப்போன பிறகும் அந்த ஒன்று மட்டும் தெளிவாக வந்தது: “ஏட்டி, ஒரு வாய் தண்ணி தா.” பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன். ஆச்சி அதை உதட்டால் கவ்விச் சப்பப் பார்த்தாள். பயந்துபோய் இழுத்துக்கொண்டேன். மறுநாள் விடியும் முன்னே போய்விட்டாள்.

டாக்டர் சொன்னது சரி. அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்த வருடம் கல்லறைத் திருநாள் அன்று, நவம்பர் 2ஆம் தேதி, சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வந்தார். ஆச்சியின் கல்லறைமேல் அவர் தெளித்த தீர்த்தம் நாலைந்து சொட்டாக விழுந்து, வெயிலில் சுட்டுக்கிடந்த சிமெண்டில் உடனே காய்ந்தது. “இது போதாதே” என்று மனம் சொன்னது. அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே புரியவில்லை. சின்ன வயதில் ஆடி அமாவாசைக்குத் தாமிரபரணிக் கரையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பவர்களைப் பார்த்து, “நாம ஏன் செய்யறதில்ல?” என்று கேட்டிருக்கிறேன். “நமக்கு அது கிடையாது” என்று அம்மா சொல்லிவிடுவாள். நமக்குக் கிடையாது என்பதையும் ஏற்றுக்கொண்டுதான் வளர்ந்தேன்.

அதற்குப் பிறகு வாசிக்க ஆரம்பித்தேன். மறைக்கல்வி வகுப்பில் மோட்சம், நரகம், இரண்டுக்கும் நடுவே பாவம் தீர வேதனைப்படும் உத்தரிக்கிற ஸ்தலம் என்று மூன்று அறைகள் உள்ள வீடு மாதிரிச் சொல்லித்தந்ததைத் தாண்டி, ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் இறந்தவர்களைப் பற்றி உண்மையில் என்ன நினைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. நியாயத்தீர்ப்பையும் தண்டனையையும் தேடித்தான் போனேன். போன இடத்திலெல்லாம் தண்ணீர் வந்தது.

முதலில் நினைவுக்கு வந்தது லூக்கா நற்செய்தி 16ஆம் அதிகாரம், பணக்காரனும் லாசரும். வாசலில் புண்ணோடு கிடந்த லாசர் இறந்து ஆபிரகாமின் மடிக்குப் போகிறான். பணக்காரன் பாதாளத்தில் எரிகிறான். அவன் ஆபிரகாமிடம் விடுதலை கேட்கவில்லை. லாசர் தன் விரல் நுனியைத் தண்ணீரில் தோய்த்து என் நாக்கைக் குளிரவைக்கட்டும் என்று கேட்கிறான். ஒரு விரல் நுனி, அவ்வளவுதான். நான் நனைத்த பஞ்சு அதைவிடக் கொஞ்சம் பெரிது. ஆபிரகாம் முடியாது என்கிறார். எங்களுக்கும் உங்களுக்கும் நடுவே பெரும் பிளவு இருக்கிறது, யாரும் கடக்க முடியாது என்கிறார்.

எத்தனையோ முறை கேட்ட வாசகம். கஞ்சத்தனத்துக்கு எதிரான பாடம் என்றுதான் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் நின்ற பிறகு அந்தத் தாகம் எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. இறந்தவனுக்கு ஏன் தாகம் எடுக்க வேண்டும்? இந்த யோசனை இயேசுவின் காலத்துக்கும் எவ்வளவு முந்தையது?

மிக மிக முந்தையது. மெசபடோமியாவில் இறந்த முன்னோருக்கு உணவும் தண்ணீரும் கொடுக்கும் சடங்குக்குக் ‘கிஸ்பு’ என்று பெயர். வீட்டின் மூத்தவர் அதைச் செய்ய வேண்டும். தண்ணீர் ஊற்ற மண்ணுக்குள் குழாய் வைப்பதும் உண்டு. கீழுலகம் தூசி நிறைந்த இருண்ட வீடு. அங்கே தூசிதான் சாப்பாடு, களிமண்தான் ரொட்டி. நல்லவன் கெட்டவன் என்ற பேதம் பெரிதாக இல்லை. மேலே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டு ஊற்றுகிறார்களா இல்லையா என்பதுதான் பேதம். கி.மு. 1800 வாக்கில் எழுதப்பட்ட பிரதிகளில் நமக்குக் கிடைத்திருக்கும் ஒரு சுமேரியக் கவிதையில், கீழுலகத்தில் என்ன பார்த்தாய் என்று மன்னன் கில்காமேஷ் தன் தோழன் எங்கிடுவைக் கேட்கிறான். ஒரு மகன் உள்ளவன் சுவரில் அடித்த முளையைப் பார்த்து அழுகிறான். இரண்டு மகன் உள்ளவன் செங்கல்மேல் உட்கார்ந்து ரொட்டி தின்கிறான். மூன்று மகன் உள்ளவனுக்குத்தான் தோல்பையிலிருந்து குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறது. படையல் கொடுக்க யாருமே இல்லாதவன் சட்டியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்கிறான், தெருவில் வீசிய ரொட்டித் துண்டைப் பொறுக்குகிறான்.

அதே கவிதையில் இன்னொரு கேள்வி வருகிறது. தனக்கென்று ஒரு பெயர்கூட வைக்கப்படாமல் செத்துப் பிறந்த என் குழந்தைகளைப் பார்த்தாயா? பார்த்தேன், பொன்னும் வெள்ளியுமான மேசையில் தேனும் நெய்யும் வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். இந்த இடத்துக்கு நான் திரும்பத் திரும்பப் போயிருக்கிறேன். படையல் இல்லாதவர்களுக்குப் பசியை எழுதிவைத்த அந்தக் கவிஞனுக்கு, பெயரில்லாக் குழந்தைகளை மட்டும் அப்படி விட மனம் வரவில்லை.

எகிப்திலும் இதே கவலைதான். தெபிஸுக்கு எதிரே தெய்ர் எல்-மெதினாவில் அரச கல்லறைகளைக் கட்டிய தொழிலாளர்கள் தங்களுக்கும் அழகான கல்லறைகள் செய்துகொண்டார்கள். பாஷேது என்பவரின் கல்லறையில், பனை மரத்தடியில் அவர் குனிந்து படுத்து நீர்நிலையில் வாய் வைத்துக் குடிக்கும் ஓவியம் இருக்கிறது. பாலைவனத்து ஓரத்தில் பிழைத்த மனிதனின் மோட்சம் அது. பிற்காலத்தில் கிரேக்க மொழியில் எழுதிய கல்லறை வாசகங்களிலும் ‘ஒசிரிஸ் உனக்குக் குளிர்ந்த தண்ணீர் தரட்டும்’ என்ற வரி வருகிறது. ஒசிரிஸ் இறந்தவர்களின் தெய்வம். அலெக்சாந்திரியாவில் கிடைத்திருக்கிறது, ரோமிலும் கிடைத்திருக்கிறது.

கிரேக்கர்களைப் பற்றி நிறையச் சொல்லலாம். என்னை நிறுத்தி வைத்தது ஒரே ஒரு பொன் தகடு. தென் இத்தாலியில் ஹிப்போனியோன் என்ற பழைய கிரேக்கக் குடியேற்றத்தில், கி.மு. 400 வாக்கில் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் கல்லறையில் 1969இல் கிடைத்தது. செத்த பிறகு எந்த வழியில் போக வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்து, மெல்லிய பொன் தகட்டில் எழுதி, கூடவே வைத்துப் புதைத்திருக்கிறார்கள். வலது பக்கம் ஒரு ஊற்று இருக்கும், பக்கத்தில் வெள்ளைச் சைப்ரஸ் மரம் நிற்கும், இறங்கி வரும் ஆன்மாக்கள் அங்கேதான் குளிர்ந்துகொள்வார்கள், நீ அந்தப் பக்கம் போகாதே. இன்னும் தள்ளிப் போ, நினைவின் ஏரியிலிருந்து குளிர்ந்த நீர் ஓடும். காவலர்கள் யாரென்று கேட்பார்கள். ‘நான் பூமிக்கும் நட்சத்திர வானத்துக்கும் பிறந்த பிள்ளை. தாகத்தில் காய்ந்து சாகிறேன். நினைவின் ஏரியிலிருந்து சீக்கிரம் தண்ணீர் கொடுங்கள்’ என்று சொல்.

எழுதக் கொடுத்தவர் அவளுடைய அம்மாவோ, கணவனோ, கூட வழிபட்ட தோழியோ. முதல் ஊற்றைப் பார்த்ததும் தாகத்தில் அவள் ஓடிப்போய்க் குடித்துவிடக் கூடாதே, எல்லாவற்றையும் மறந்துவிடக் கூடாதே என்ற பதைப்பு அந்த வரிகளில் இருக்கிறது. முதல் தடவை வெளியூர் போகும் பிள்ளைக்கு எந்த பஸ், எந்த ஸ்டாப் என்று சீட்டில் எழுதிக் கையில் திணிப்பது போல. கிரேக்கத்தில் உயிருக்குச் சொல் ‘ப்சூகே’, குளிர்ந்ததற்குச் சொல் ‘ப்சூக்ரோஸ்’. காதில் இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டே இருக்கும்.

எபிரேய வேதத்துக்கு வந்தால் எல்லாம் அடங்கிப்போகிறது. ஷியோல் என்ற சொல்லைத்தான் தமிழில் பாதாளம் என்று வைத்திருக்கிறோம். அங்கே செயலும் இல்லை, அறிவும் இல்லை என்கிறது சபை உரையாளர் நூல். கடவுளைப் புகழ்வதும் கிடையாது என்கிறது திருப்பாடல். இறந்தவர்களுக்குப் படைப்பதை அந்த மரபின் ஆசிரியர்கள் விரும்பவில்லை. பத்தில் ஒரு பங்கு காணிக்கையைக் கொண்டுவருபவன், ‘இதிலிருந்து எதையும் இறந்தவர்களுக்குக் கொடுக்கவில்லை’ என்று உறுதி சொல்ல வேண்டும் என்கிறது இணைச்சட்டம் 26. அப்படி ஒரு உறுதிமொழி தேவைப்பட்டதே, ஜனங்கள் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி.

கி.மு. 180 வாக்கில் எழுதப்பட்ட சீராக்கின் ஞானத்தில் ஒரு வரி இருக்கிறது. மூடிய வாயின் முன்னால் கொட்டிய நல்ல உணவு, கல்லறைமேல் வைத்த படையலைப் போன்றது. அதை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மூடிய வாய்க்கு முன்னால் தண்ணீரோடு நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் கத்தோலிக்க விவிலியத்தில் சில பக்கங்கள் தள்ளி இருக்கும் தோபித்து நூலில், ஒரு அப்பா மகனுக்குச் சொல்லும் புத்திமதியில், நேர்மையாளரின் கல்லறைமேல் உன் ரொட்டியைத் தாராளமாக வை என்று வருகிறது. ஒரே விவிலியத்துக்குள் இரண்டும். இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிறகு யூதர்களை ஒடுக்கிய அந்தியோக்கஸ் அரசனின் கொடுமைக் காலம் வந்தது. நீதிக்காகச் செத்த இளைஞர்கள் வெறும் தூசியாகிவிடுவார்களா என்ற கேள்வியை இனிமேல் தள்ளிப்போட முடியவில்லை. கி.மு. 165 வாக்கில் தானியேல் நூல், மண்ணில் தூங்குகிறவர்கள் பலர் எழுவார்கள் என்றது. மக்கபேயர் இரண்டாம் நூலில் யூதத் தளபதி யூதா மக்கபே போரில் இறந்தவர்களின் பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்கப் பணம் திரட்டி எருசலேமுக்கு அனுப்புகிறார். உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கை இப்படித்தான் அநியாயச் சாவுகளின் நடுவே வலுப்பெற்றது.

இதற்கும் கொஞ்சம் முன்பே எழுதப்பட்ட ஒரு காட்சி ஏனோக்கு நூலில் இருக்கிறது. முழு நூலாக எத்தியோப்பியத் திருச்சபைதான் அதைக் காப்பாற்றியது. அதன் அரமேயத் துண்டுகள் சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்தன. 22ஆம் அதிகாரத்தில் ஏனோக்கு மேற்கே ஒரு பெரிய மலைக்குப் போகிறார். அதில் ஆழமான பள்ளங்கள். தீர்ப்பு நாள் வரை இறந்தவர்களின் ஆவிகள் அங்கே காத்திருக்கின்றன. மற்றவை இருட்டு. நேர்மையாளருக்கான பள்ளத்தில் மட்டும் வெளிச்சம், அதில் ஒளி வீசும் ஒரு நீரூற்று. இறந்தவர்களைத் தரம் பிரித்து வைக்கும் யூத எழுத்துகளில் இது ஆகப் பழையவற்றில் ஒன்று. அந்தப் பிரிவினையின் முதல் அடையாளம் தண்ணீர். நெருப்பு அப்புறம்தான் பெரிதாகிறது. லூக்காவின் பணக்காரன் கேட்ட விரல் நுனித் தண்ணீர் இப்படி ஒரு ஊற்றிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த உவமையைச் சொன்னவரே சிலுவையில் ‘தாகமாயிருக்கிறது’ என்றார். யோவான் நற்செய்தியில் சாவுக்கு முந்தைய வார்த்தைகளில் அதுவும் ஒன்று. காடியில் தோய்த்த கடற்பஞ்சை வாயில் வைத்தார்கள். பெரிய வெள்ளி தோறும் கேட்கும் இந்த வசனத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

ஆதிக் கிறிஸ்தவர்களின் முதல் கவலை நரகமோ மோட்சமோ அல்ல என்பது பவுலின் கடிதங்களில் தெரியும். கி.பி. 50 வாக்கில் தெசலோனிக்காவில் இருந்தவர்கள், இயேசு திரும்பி வரும் முன்பே செத்துப்போன நம் ஆட்கள் என்ன ஆவார்கள் என்று கலங்கினார்கள். அவர்கள் தூங்குகிறார்கள், முதலில் எழுவார்கள் என்று பவுல் எழுதினார். கொரிந்தியருக்கு எழுதும்போது விதை விதைப்பதை உவமையாகச் சொன்னார். உடம்பை விட்டு ஆன்மா பறந்து போய்விடுவது அவருக்குப் போதவில்லை, உடம்பும் வேண்டும். அதே கடிதத்தில் போகிற போக்கில் ஒரு செய்தி: கொரிந்தில் சிலர் இறந்தவர்களுக்காகத் தாங்கள் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டிருந்தார்கள். பவுல் அதைக் கண்டிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. அவர்கள் மனதில் ஓடியது என்ன என்று எனக்குப் புரிகிறது. விசுவாசம் வந்து தண்ணீரில் இறங்கியவர்களுக்கு, தண்ணீரைப் பார்க்காமலே போய்விட்ட தாயும் தகப்பனும் இருந்திருப்பார்களே.

இந்த நினைப்பு அங்கேயே நின்றுவிடவும் இல்லை. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் எழுதப்பட்ட ‘ஹெர்மாஸின் மேய்ப்பன்’ நூலில், இறந்துபோன அப்போஸ்தலர்கள் முன்பே தூங்கியவர்களுக்குப் போதித்து, அவர்களோடு தண்ணீரில் இறங்கி ஏறினார்கள் என்று வருகிறது. ‘பேதுருவின் வெளிப்பாடு’ நூலில் நரகத் தண்டனைகள் பயங்கரமாக வரும். நாக்கில் தொங்குகிறவர்கள், சேற்றில் புரளுகிறவர்கள். 1886-87 குளிர்காலத்தில் எகிப்தின் அக்மிமில் ஒரு துறவியின் கல்லறையில் அதன் கிரேக்கப் பகுதி கிடைத்தபோது எல்லோரும் அந்தக் கொடூரத்தைத்தான் பேசினார்கள். வியன்னாவில் இருக்கும் ஒரு சின்னத் துண்டில் வேறொன்று இருக்கிறது. தேர்ந்துகொள்ளப்பட்டவர்கள் தண்டனையில் இருப்பவர்களில் யாரைக் கேட்டாலும், அவர்களை விடுவித்துத் தந்து, மறுவுலகத்து அக்கெரூசியா ஏரியில் அழகான ஞானஸ்நானம் கொடுப்பேன் என்கிறார் கடவுள். நரகத்தை இவ்வளவு விரிவாக எழுதிய நூலே அதிலிருந்து ஆட்களைத் தண்ணீர் வழியாக வெளியே கொண்டுவருகிறது. அடுத்து வந்த ‘பவுலின் வெளிப்பாடு’, நரகத்தில் இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு கொடுக்கிறது. ஒரு பகல், ஒரு இரவு.

அந்த ஓய்வுக்கு லத்தீனில் உள்ள சொல் ‘ரெஃப்ரிஜேரியம்’. குளிர்ச்சி, ஆறுதல், இளைப்பாறுதல் எல்லாம் அதில் அடங்கும். நம் வீட்டு ஃப்ரிட்ஜின் பெயரும் அதே வேர். இன்னொரு பொருளும் உண்டு: கல்லறையில் இறந்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. ரோமர்கள் பிப்ரவரி 13 முதல் 21 வரை பரெந்தாலியா என்று முன்னோரை நினைத்தார்கள். ரோமின் துறைமுகமான ஓஸ்தியாவுக்குப் பக்கத்தில் இசோலா சாக்ரா இடுகாட்டில், ஏழைகளின் குழிகளுக்கு மேலே ஆம்ஃபோரா ஜாடிகளின் கழுத்து மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் வழியாக ஒயினும் தண்ணீரும் ஊற்றுவார்கள். கிறிஸ்தவர்களானதும் இதை விட்டுவிட்டார்களா? இல்லை. ரோமில் ஆப்பியன் சாலையில் புனித செபஸ்தியார் கோயிலுக்கு அடியில், 3ஆம் நூற்றாண்டில் ஜனங்கள் கூடிச் சாப்பிட்ட ஒரு திறந்த மண்டபத்தை 1915இல் தோண்டி எடுத்தார்கள். சுவரெல்லாம் கீறல் எழுத்து. பவுலே, பேதுருவே, இன்னாருக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று. பேதுருவுக்கும் பவுலுக்கும் நான் ரெஃப்ரிஜேரியம் செய்தேன் என்று ஒருவர் கீறியிருக்கிறார்.

நமக்கு அது கிடையாது என்று அம்மா சொன்னாள் இல்லையா. இருந்திருக்கிறது.

இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். பெர்பெத்துவா.

கார்த்தேஜ், கி.பி. 203. இன்றைய டூனிஸ் நகரத்தின் ஓரம். சுமார் 22 வயது, நல்ல குடும்பம், கையில் பால்குடிக்கும் மகன். கிறிஸ்தவளாக ஞான உபதேசம் கேட்டுக்கொண்டிருந்தபோது ரோம அதிகாரிகள் பிடித்தார்கள். காவலில் வைத்தே ஞானஸ்நானம் நடந்தது. தண்ணீரில் நின்றபோது, உடம்பு தாங்கும் சக்தியைத் தவிர இந்தத் தண்ணீரிடம் வேறெதையும் கேட்காதே என்று ஆவி தனக்குச் சொன்னதாக எழுதுகிறாள். எழுதுகிறாள் என்று சொல்கிறேன், ஏனென்றால் சிறையில் நடந்ததை அவளே எழுதிவைத்தாள். அந்தக் காலத்துக் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி தன் கையால் எழுதியது நமக்குக் கிடைத்திருப்பது அபூர்வம்.

ஒரு நாள் எல்லோரும் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது அவள் வாயிலிருந்து திடீரென்று ‘தினோக்ராதெஸ்’ என்ற பெயர் வந்தது. அவளுக்கே ஆச்சரியம். அதுவரை அவனை நினைக்கவே இல்லை. அவளுடைய தம்பி. ஏழு வயதில் முகத்தில் புற்று வந்து, பார்ப்பவர்கள் அருவருக்கும்படி இறந்தவன். அன்று இரவு அவனைக் கனவில் கண்டாள். பலர் இருக்கும் ஒரு இருட்டிலிருந்து வெளியே வருகிறான். வேர்த்துப்போய், தாகத்தோடு, அழுக்காக, வெளுத்துப்போய், சாகும்போது முகத்தில் இருந்த அதே புண்ணோடு. இருவருக்கும் நடுவே பெரிய இடைவெளி, ஒருவரிடம் ஒருவர் போக முடியவில்லை. அவன் நிற்கும் இடத்தில் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர். ஆனால் தொட்டியின் விளிம்பு பையனின் உயரத்தைவிட உயரம். அவன் எக்கி எக்கிப் பார்க்கிறான். எட்டவில்லை.

இதை நான் முதன்முதலில் வாசித்தது ராத்திரி பதினொரு மணிக்கு. எழுந்து போய்க் கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

தண்ணீர் இருக்கிறது. நிறைய இருக்கிறது. எட்டவில்லை. அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது என்று அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. யார் தண்டித்தார், எதற்கு என்ற கேள்வியே அங்கே இல்லை. தம்பி கஷ்டப்படுகிறான் என்று தெரிந்தது, உதவ முடியும் என்று நம்பினாள், அவ்வளவுதான். அவளை ராணுவச் சிறைக்கு மாற்றினார்கள். ரோமப் பேரரசரின் மகன் கேத்தாவின் பிறந்தநாள் விளையாட்டுகளில் விலங்குகளுக்குப் போடப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. சாகப்போகிறவள் தனக்காக அழவில்லை. எப்போதோ இறந்த தம்பிக்காக இரவும் பகலும் அழுது ஜெபித்தாள்.

காலில் தொழுமரம் பூட்டியிருந்த ஒரு நாளில் மறுபடியும் கண்டாள். அதே இடம். தினோக்ராதெஸ் குளித்துச் சுத்தமாக, நல்ல உடையில், இளைப்பாறிய முகத்தோடு இருக்கிறான். இங்கே அவள் போட்ட சொல் அந்த ரெஃப்ரிஜேரியத்தின் வினை வடிவம். புண் இருந்த இடத்தில் தழும்பு. தொட்டியின் விளிம்பு இறங்கி, பையனின் தொப்புள் அளவுக்கு வந்திருக்கிறது. விளிம்பின்மேல் பொன் கிண்ணம் நிறையத் தண்ணீர். அவன் குடிக்கிறான், குடிக்கக் குடிக்கக் கிண்ணம் குறையவில்லை. வயிறு நிறைந்ததும், குழந்தைகள் செய்வது போல, சந்தோஷமாக விளையாடப் போய்விட்டான்.

லூக்காவின் பிளவை அவளும் பார்த்தாள். அதே பெரிய இடைவெளி. இரண்டாவது கனவில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அவள் தாண்டிப் போகவில்லை, அவனும் வரவில்லை. தொட்டி இறங்கியது. இப்படிச் செய்ய முடியும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. அப்போது உத்தரிக்கிற ஸ்தலம் என்ற பெயரும் கிடையாது, கோட்பாடும் கிடையாது. அது பெயர் வாங்க இன்னும் பல நூற்றாண்டு ஆகும். ஒரு அக்காவின் தவிப்பு மட்டும் இருந்தது. அதே ஊர்க்காரரான கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், இறந்த கணவனுக்காக மனைவி ஜெபித்து, அவனுக்கு ரெஃப்ரிஜேரியம் வேண்டி, அவன் இறந்த நாள் வருடா வருடம் வரும்போதெல்லாம் காணிக்கை கொடுக்கிறாள் என்று எழுதியிருக்கிறார். ஆக கார்த்தேஜில் வீட்டுக்கு வீடு யாரோ ஒருவர் இதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

இருநூறு வருடம் கழித்து வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தினாருக்கு இந்தப் பையன் ஒரு சிக்கலாகிவிட்டான். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளும் மீட்படையலாம் என்பதற்கு ஒருவர் தினோக்ராதெஸை உதாரணம் காட்டினார். அகுஸ்தினார் ஒப்புக்கொள்ளவில்லை. பையன் ஞானஸ்நானம் பெற்றிருக்கலாம், ஏழு வயதுக்குள் அப்பாவால் மறுபடியும் சிலை வழிபாட்டுக்கு இழுக்கப்பட்டிருக்கலாம், அதற்கான தண்டனையாக இருக்கலாம் என்றார். அகுஸ்தினார்மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்த இடத்தில் அவர் செய்தது தவறு என்று நினைக்கிறேன். அக்கா சொல்லாத பாவத்தை அந்தக் குழந்தைமேல் ஏற்ற வேண்டியதில்லை.

ஆனால் அவருடைய அம்மாவைப் பற்றி அவரே எழுதியது வேறு மாதிரி. மோனிக்கா வட ஆப்பிரிக்கப் பெண். ஊர் வழக்கப்படி மிலானிலும் மறைசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூழும் ரொட்டியும் ஒயினும் கூடையில் கொண்டுபோனாள். வாயில்காப்போன் தடுத்துவிட்டான், ஆயர் அம்புரோசியார் கூடாது என்று சொல்லியிருக்கிறார். குடித்துக் கூத்தடிப்பதற்குச் சாக்காகிறது, பரெந்தாலியா மாதிரியும் இருக்கிறது என்பது காரணம். மோனிக்கா எதிர்த்துப் பேசவில்லை. கூடைக்குப் பதில் ஜெபத்தைக் கொண்டுபோனாள், கொடுக்க முடிந்ததை ஏழைகளுக்குக் கொடுத்தாள். கி.பி. 387இல் ஓஸ்தியாவில் சாகக் கிடந்தபோது பிள்ளைகளிடம் சொன்னாள்: இந்த உடம்பை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், எங்கே இருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும். அவள் கல்லறைக் கல்வெட்டின் ஒரு துண்டு 1945இல் கிடைத்தது. ஓஸ்தியாவில் ஒரு கோயிலை ஒட்டிய முற்றத்தில் விளையாடக் கம்பம் நடுவதற்காகச் சிறுவர்கள் குழி தோண்டியபோது தட்டுப்பட்டது.

ஜாடிக் கழுத்து மண்ணுக்குள் போய்விட்டது, கூடை நின்றுபோனது. சொல் மட்டும் ஜெபத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ரோமைப் பூசையின் பழைய நற்கருணை மன்றாட்டில் இறந்தவர்களுக்காகக் கேட்பது மூன்று: குளிர்ச்சி, ஒளி, அமைதி உள்ள இடம். அந்தக் குளிர்ச்சி ரெஃப்ரிஜேரியம்தான். தமிழில் நாம் ஜெபமாலை முடிந்ததும் சொல்வது ‘நித்திய இளைப்பாற்றியை இவருக்குத் தந்தருளும் ஆண்டவரே’. அது ஓய்வைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்று தெரியும். ஆனாலும் தமிழில் இளைப்பாறுதல் என்றால் வெயிலில் நடந்து வந்தவர் திண்ணையில் உட்கார, யாரோ உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவருவதுதான் என் கண்ணுக்குத் தெரிகிறது. எங்கள் வீட்டில் கொண்டுவருவது ஆச்சி.

போன கல்லறைத் திருநாளுக்கு அந்தச் செம்பை வீட்டிலிருந்தே எடுத்துப் போனேன். பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, சாமியார் மந்திரித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனதும், தலைமாட்டுப் பக்கம் சிமெண்ட் முடிந்து மண் தெரியும் இடத்தில் மெதுவாக ஊற்றினேன். மண் சத்தமில்லாமல் குடித்தது.

“செடியா வச்சிருக்க?” என்றாள் அம்மா.

“இல்லம்மா. ஆச்சிக்கு.”

அம்மா கொஞ்ச நேரம் ஈரமண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த குழாயடிக்கு நடந்தாள்.